கூட்டமும் கடமையும்

பழைய மாணவன் ஒருவன்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவின் செயலாளர் எனக்கு எழுதிய கடிதம் நான்கு வரிகளே கொண்டது. பொருள் உமது விருப்பம், அளவு இவ்வளவு, அனுப்பவேண்டிய நாள் இன்னது, நன்றி. இதனைப் பற்றிக் கலந்து பேசுவதற்குக் கூட்டம் எதுவும் கூட்டப்படவில்லை. அரசாங்க சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடமையாற்றி, அக்காலத்தின் பெரும் பகுதியைக் கூட்டங்களில் அமர்ந்தே கழித்தவனுக்கு இது எத்துணை மகிழ்ச்சி தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மகிழ்ச்சியே இக்கட்டுரைக்குரிய பொருளையும் தந்தது.

விழா மலர்களில் எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் தம் ஆசிரியர்களையும், விடுதி வாழ்க்கையையும், கிரிக்கெட் போட்டிகளையும் நினைவுகூர்வர். அவை என்றும் இனியவையே. எனினும் இக்கல்லூரியை விட்டு வெளியேறி வைத்தியராயும், பொறியியலாளராயும், ஆசிரியராயும், வங்கி உத்தியோகத்தராயும், எழுதுவினைஞராயும் உலகின் பல பாகங்களிற் பரந்து வாழும் நம் அனைவருக்கும் பொதுவான அநுபவம் ஒன்றுண்டு. யாதெனின், எதற்காகக் கூடினோம் என்பது தெரியாமலே இரண்டு மணித்தியாலம் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்து, எதனையும் தீர்மானியாது எழுந்து வருதல். இதனை நகைச்சுவைக்குரிய சிறு தொல்லையென்று பலர் எண்ணுகின்றனர். இதனால் தீங்குறுவோர் உளர் என்பதையும், இதனைக் குறைக்கும் வழிகள் உண்டு என்பதையும் எடுத்துக் கூறுவதே என் நோக்கம்.

கூட்டம் நடத்தும் முறையை நாம் முதன்முதலிற் கற்றது கல்லூரியிலேயாகும். வகுப்பு மன்றம் தேவாரத்துடன் தொடங்கும். செயலாளர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். திருத்தம் உண்டாயின் திருத்தி, தலைவர் கையொப்பமிடுவார். பேசுவோருக்கு இத்தனை நிமிடம் என்ற வரையறை உண்டு. ஒரு நிமிடம் எஞ்சியிருக்கையில் முதல் மணி; நேரம் முடிந்ததும் இரண்டாம் மணி. இரண்டாம் மணி ஒலித்த பின் எத்துணை நாவன்மை படைத்தவனாயினும் அமர்ந்தே ஆகவேண்டும். பிற்காலத்திற் கந்தோர்களில் நான் கண்ட கூட்டங்களில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், தேநீரும் வடையும் தவறாது இருந்தன. அந்த இரண்டாம் மணி மாத்திரம் இருந்ததில்லை.

அவையைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்தனர். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் உள. பயனில சொல்லாமைக்கென ஒரு தனியதிகாரமே உண்டு. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆராய்தலின் முடிவு துணிவு கொள்ளுதல் என்றும், அத்துணிவைச் செயற்படுத்தாது காலந்தாழ்த்துதல் தீது என்றும் வள்ளுவர் வரையறை செய்துவிடுகிறார். இன்று நாம் கூட்டும் கூட்டங்களை இவ்வொரு கருத்தைக் கொண்டு அளந்து பார்த்தாலே அவற்றுட் பாதி நில்லாது போய்விடும்.

காஞ்சிபுரத்துக்கு அணித்தாயுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தெரிவு செய்யும் முறையைக் கூறுகின்றன. அச்சபை பிராமணர் ஊரொன்றின் சபை, யாவருக்கும் உரியதன்று. ஆயினும் அதன் விதிகள் வியக்கத்தக்கவை. சம்வற்சர வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனது பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகா. ஈண்டு நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. ஏரி, தோட்டம் என்றாற்போல வாரியத்தின் பெயரிலேயே அதன் வேலை அமைந்திருந்தது; அதன் ஆயுளுக்கு ஓர் எல்லை இருந்தது; முடிவில் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச் சபை அறிந்திருந்த இம்மூன்றையும் இன்றைய குழுக்கள் பலவற்றிற் காண்டல் அரிது.

நிற்க. மேனாட்டில் இந்நோயை நன்கு ஆராய்ந்தவர் சி. நோர்த்கோட் பார்க்கின்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர். நம்மவர் பலர் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் சென்று உழைத்த மலாயாவின் பல்கலைக்கழகத்தில், சிங்கப்பூரில் இருந்து, அவர் கற்பித்து வந்தார். 1955ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையொன்றும், அதன்பின் 1957இல் வந்த நூலும் அவருக்கு உலகப் புகழை ஈட்டிக் கொடுத்தன. ஒரு நிதிக் குழுவை அவர் கற்பனை செய்து காட்டுகிறார். ஒரு கோடி செலவில் அமையும் அணு உலையைப் பற்றிய பேச்சு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அது பற்றி அறிந்தார் அங்கு இலர். எழுதுவினைஞர் தம் சைக்கிள்களை நிறுத்துவதற்கான கொட்டகைக்கு முக்கால் மணித்தியாலம் செல்கிறது. கொட்டகை எத்தகையது என்பது யாவருக்கும் தெரியும். கூட்டத்திற் பரிமாறும் தேநீர்ச் செலவுக்கோ ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகிறது. குழுவின் தொகை ஏறத்தாழ இருபதைக் கடந்ததும் அது வேலைக்கு உதவாததாகிவிடும் என்பதும் அவர் நகைச்சுவையாகக் கூறிய கணக்கு. நகைச்சுவையெனினும், நம் கந்தோர்களின் மாநாட்டு மண்டபங்களில் இருந்தோர் அதனைப் படித்துச் சிரிப்பதற்கு முன் ஒருகணம் திடுக்கிடுவர்.

இதனினும் வியப்பானது வேறொன்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1944இல், அமெரிக்க உளவுத் தாபனம் இரகசியக் கைநூல் ஒன்றை ஆக்கியது. பகைவர் வசப்பட்ட நாடுகளில் உள்ள சாதாரண மக்கள், வெடிகுண்டு இன்றியே பகைவரின் வேலைகளைக் குலைப்பது எவ்வாறு என்பதை அது கற்பித்தது. இயந்திரங்களைப் பழுதாக்கும் முறைகளோடு, தாபனங்களைப் பழுதாக்கும் முறைகளும் அதிற் காணப்பட்டன. எல்லா விடயங்களையும் குழுக்களுக்கு அனுப்புக, குழுவை இயன்றவரை பெரிதாக்குக, ஐவருக்குக் குறையவிடாதே, அடிக்கடியும் நெடுநேரமும் பேசுக, தொடர்பற்றவற்றைக் கிளப்புக, அறிக்கையின் சொற்களைப் பற்றி வாதாடுக, சென்ற கூட்டத்தில் முடிந்ததை மீண்டும் எடுத்துப் பேசுக, முக்கிய வேலை இருக்கும் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்க. இவையே அந்நூல் தந்த ஆலோசனைகளின் சாரம். பகைவனைக் கெடுக்க வகுத்த வழிகளை நாம் நம் சொந்தக் கந்தோர்களில், நல்லெண்ணத்துடனும் தேநீருடனும் பின்பற்றி வருகிறோம் என்றால் அது மிகையாகாது.

இதனால் விளையும் நட்டத்தைச் சிலர் கணக்கால் விளக்குவர். இருபது உத்தியோகத்தர் இரண்டு மணித்தியாலம் இருந்தால் நாற்பது மணித்தியாலம்; நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமெனின், ஒருவருடைய ஐந்து நாள் வேலை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்து வருவோரின் எரிபொருளும் நேரமும் வேறு. இக்கணக்குச் சரியானதே. ஆயினும் இது கூட்டத்தில் இருந்தவர்களின் கணக்கு. என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது கூட்டத்தில் இல்லாதவர்களின் கணக்கு.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கந்தோரின் பெயர் வேண்டியதில்லை. எந்தக் கந்தோரிலும் அது நிகழ்ந்திருக்கலாம். நெடுந்தீவிலிருந்து மூதாட்டி ஒருவர் வந்திருந்தார். வீடமைப்புத் திட்டத்தின் கீழ் அவருக்கு ஒரு வீடு அநுமதிக்கப்பட்டிருந்தது. அத்திட்டத்திற் பணம் கட்டங்கட்டமாகவே வழங்கப்படும். சுவர் எழுந்துவிட்டது, கூரைக்குரிய பணம் வரவேண்டும். தொழினுட்ப உத்தியோகத்தரின் சான்று கோவையில் இருந்தது. எஞ்சியிருந்தது ஒரு கையொப்பம். நெடுந்தீவிலிருந்து வருவோர் காலையிற் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு வேலணை வழியாகப் பேருந்திற் பட்டினம் வந்து சேரவேண்டும். மாலைப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு எங்கேனும் தங்கவேண்டும்.

முதல் முறை அவர் வந்தபோது, “ஐயா கூட்டத்திலை இருக்கிறார் ஆச்சி, பின்னேரம் வாருங்கோ” என்றார் வாயிலில் இருந்தவர். “பின்னேரம் எனக்குப் படகு இல்லையே தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். அடுத்த வாரம் மீண்டும் வந்தார், மீண்டும் கூட்டம். அன்று அவர் பட்டினத்தில் உறவினர் வீட்டிலே தங்கி, மறுநாட் காலையும் வந்து பார்த்தார். மறுநாள் ஐயா வேறோர் ஊரில் வேறொரு கூட்டத்துக்குச் சென்றிருந்தார். மூன்றாம் முறை அவர் வந்தபோது வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டது.

அம்மூன்றாம் நாட் கூட்டத்தில், மற்றொரு திணைக்களத்தின் சார்பில், நானும் இருந்தேன். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து வரவிருந்த குழுவினரைச் சந்திக்கும் கூட்டத்துக்கான முன்னாயத்தக் கூட்டம் அது. மண்டபத்தின் முகப்பிற் கட்டும் பதாகையில் மும்மொழிகளும் எவ்வொழுங்கில் அமையவேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பொழுது இளம் எழுதுவினைஞர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பேசாமற் கோவையை விரித்துத் தம் மேலதிகாரியின் முன் வைத்தார். மேலதிகாரி சற்று முகஞ்சுளித்தார், கோவையைப் பார்த்தார், கையொப்பமிட்டார். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. முழு வரலாற்றையும் பின்னர் அவ்வெழுதுவினைஞரிடமிருந்தே அறிந்தேன். பணம் கிடைத்தது, ஆனால் மழை நின்று தை பிறந்த பின்னரே கூரை ஏறியது. அவ்வாண்டு மாரி முழுவதையும் அம்மூதாட்டி, தமது புதுச் சுவர்களுக்கு நடுவே, தறப்பாளின் கீழ்க் கழித்தார்.

அவ்வதிகாரி தீயவரல்லர், அலட்சியமானவருமல்லர். அழைப்பு வந்தது, போனார். அவரைப் போலவே அங்கிருந்த மற்றையோரும். ஆகவேதான் சொல்கிறேன்: வேண்டாத கூட்டத்தின் விலையை அதில் அமர்ந்திருப்போர் கொடுப்பதில்லை. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு, தேநீரும் உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் வாசலிலே காத்திருப்பவர். வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும் நோயாளியும், ஆசிரியரில்லாத வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனும், வங்கியிற் கடன் விண்ணப்பத்துக்கு மறுமொழி பெறாத தோட்டக்காரனும் அவரே.

இவ்வாறு கூறுவதாற் கூட்டங்களே வேண்டா என்பது என் கருத்தன்று. வன்னிப் பகுதியிற் குளங்களின் கீழ்ப் போகம் தொடங்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நேரிற் கண்டவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். குளத்தில் நிற்கும் நீரின் அளவு அறிவிக்கப்படும். அந்நீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்நாளில் வாய்க்கால் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது, வாய்க்காலைத் துப்புரவாக்குவது எப்போது, கட்டாக்காலி மாடுகளை என்ன செய்வது என்பன அங்கே தீர்மானிக்கப்படும். பார்க்கின்சனின் இருபது என்ற எல்லையை அக்கூட்டம் எத்தனையோ மடங்கு கடந்துவிடும். இரைச்சலும் கோபமும் அங்குண்டு. ஆயினும் அதற்கு மாற்று இல்லை. நீர் குறைந்த ஆண்டிலே தனக்குக் குறைவாகக் கிடைப்பதை ஒருவன் ஏற்றுக்கொள்வது, அயலவனும் அவ்வாறே குறைத்துக்கொள்வதைத் தன் கண்ணாற் காணும்போதுதான். கடிதம் அதனைச் செய்யமாட்டாது. உத்தரமேரூர் ஏரி வாரியத்தார்க்கு இக்கூட்டத்தைக் காட்டினால் அவர்கள் உடனே விளங்கிக்கொள்வர்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததை நம்மில் மறந்தவர் எவருமிலர். அந்நாட்களிற் பாடசாலையொன்றின் முற்றத்தில் மாமரத்தின் கீழ் நிகழ்ந்த கூட்டமொன்று என் நினைவில் நிற்கிறது. கதிரை இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. ஐந்து பேர் நின்றபடியே பேசினோம். குடும்பங்களைப் பதிபவர் யார்? அரிசி இருக்கும் களஞ்சியத்தின் திறப்பு யாரிடம்? எந்தக் கிணற்று நீர் குடிக்கத்தக்கது? கர்ப்பிணிகளை எந்த அறைக்கு அனுப்புவது? கால் மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிற் சென்றுவிட்டோம். என் சேவைக் காலத்தில் நான் கண்ட சிறந்த கூட்டம் அதுவே. காத்திருப்போர் எம் கண்முன்னே நின்றிருந்தமையால், வீண்பேச்சுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அங்ஙனமாயின், சாதாரண காலங்களில் வேண்டாத கூட்டங்கள் பெருகுவது ஏன்? முதற் காரணம் பொறுப்புக்கு அஞ்சுதல். தனியொருவர் கையொப்பமிட்டால் தவறு அவருடையது. இருபதுபேர் கூடித் தீர்மானித்தால் தவறு ஒருவருடையதும் அன்று. நம் நாட்டு ஆட்சிமுறையிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1931 முதல் 1947 வரை நடைமுறையிலிருந்த டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி, அரசாங்க சபை உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து திணைக்களங்களை மேற்பார்வை செய்தனர். பொறுப்பு எவரிடம் என்பது தெளிவின்றிப் போயிற்று என்பது அம்முறைமீது அடிக்கடி கூறப்பட்ட குறை. ஆயினும் அவ்வேழு குழுக்களுள் ஒன்றான கல்விக் குழுவுக்குத் தலைவராயிருந்த சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள், தாம் அடையவேண்டியது யாது என்பதை அறிந்திருந்தார்கள். அவர்கள் தலைமையிலமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனை அநுபவித்தவர்கள் நாம். ஆகவே குழு என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதன்முன் வைக்கப்படும் வினாவும், அதற்கு விடை கண்டே எழுவேன் என்னும் தலைவரும் உண்டோ என்பதே பார்க்கவேண்டியது.

இரண்டாவது காரணம் பழக்கம். மாதத்தின் முதற் திங்களிற் கூடுவது வழக்கமாயின், பேசுவதற்கு ஏதும் உண்டோ இல்லையோ கூடியே ஆகவேண்டுமென்று எண்ணுகின்றனர். மூன்றாவது, கூட்டம் வேலையைப் போலத் தோற்றமளித்தல். வருகைப் பதிவு, நிழற்படம், அறிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் ஏதோ நடந்தேறியது போலக் கோவை நிறைந்துவிடுகிறது.

அண்மைக் காலம் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. 2020இற் கொரோனாத் தொற்றால் ஊரடங்கு வந்தபோது கூட்டங்கள் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தன. மண்டபம் வேண்டா, பயணம் வேண்டா என்றதும் அவை குறையவில்லை, பெருகின. கூட்டுவது எளிதானால் வேண்டாதவற்றையும் கூட்டுவோம் என்பது முதற் பாடம். எனினும் கொழும்பில் மாலை 6.30 மணிக்கும், இலண்டனிற் கோடைகாலப் பிற்பகல் 2 மணிக்கும், தொரன்ரோவிற் காலை 9 மணிக்கும், சிட்னியில் இரவு 11 மணிக்கும் பழைய மாணவர் ஒருங்கே அமர்ந்து பேச முடிந்தமை அதனால் வந்த பெரும் நன்மை. கட்டணம் செலுத்தாதோருக்குச் சூம் அநுமதித்த நேரம் 40 நிமிடமே. கல்லூரியிற் பாடவேளை ஒன்றின் அளவும் அதுவே. நாற்பது நிமிடம் முடிந்ததும் தயவுதாட்சணியமின்றித் திரை இருண்டுவிடும். நம் மன்றத்தின் இரண்டாம் மணி இவ்வாறு மீண்டும் வந்ததெனக் கண்டு மகிழ்ந்தேன்.

இரண்டாவது பாடம் 2022இல் வந்தது. எரிபொருளின்றி நாடு ஸ்தம்பித்து, மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. தூர இடங்களிலிருந்து உத்தியோகத்தர் வரமுடியாமற் போயிற்று. வழக்கமான கூட்டங்கள் பல நின்றுவிட்டன. இன்றியமையாத சில, தொலைபேசியிற் பத்து நிமிடத்தில் முடிந்தன. நின்றுபோனவற்றுள் எவற்றை நாம் உண்மையிலே இழந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணக்கூடியனவே இருந்தன. எரிபொருள் திரும்பியதும் அவை யாவும் திரும்பி வந்தன என்பது வேறு கதை.

இனி, செய்யத்தக்கன யாவை என்பதைக் கூறுவேன். கூட்டத்தைக் கூட்டும் நிலையிலுள்ள அன்பர்களுக்கு முதலிற் சொல்கிறேன். நிகழ்ச்சி நிரலில் விடயத்தைப் பெயராக எழுதாது வினாவாக எழுதுக. “நீர் விநியோகம்” என்று எழுதினால் நாள் முழுவதும் பேசலாம்; “வாய்க்காலை எந்நாளிற் திறப்பது?” என்று எழுதினால் விடை வந்ததும் எழுந்துவிடலாம். வினாவாக எழுத முடியாத விடயம் அறிவித்தலேயாகும். அதற்குச் சுற்றுநிருபம் போதும். தீர்மானத்துக்கு வேண்டியவர்களை மாத்திரம் அழைத்து, ஏனையோருக்கு அறிக்கையை அனுப்புக. தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அழைப்பிற் குறிக்க. பிரித்தானிய அரசரின் கோமறைக் கழகத்தார் அரசர் முன்னிலையில் நின்றபடியே தம் கருமத்தை முடிப்பது இன்றும் வழக்கம். சிறு விடயங்களுக்கு நாமும் நின்றுபார்க்கலாம்.

அறிக்கையில் யார் என்ன பேசினார் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவதினும், எவர் எதனை எந்நாளுக்குள் செய்வார் என்று மூன்று நிரலாக எழுதுதல் நன்று. அவை யாவும் செய்து முடிந்தனவாயின் அடுத்த கூட்டத்தை நிறுத்திவிடுக. தொடர்ந்து நடைபெறும் எக்கூட்டத்துக்கும் உத்தரமேரூர் வாரியம் போல 360 நாள் ஆயுள் விதிக்க. அதன்பின் அது வேண்டுமெனக் காரணங் காட்டியே புதுப்பிக்க. எல்லாவற்றிலும் முக்கியமானது, பொதுமக்களைச் சந்திக்கும் நாளிற் கூட்டம் வைக்காதிருத்தல். வேறு நாட்களிலும், கையொப்பமிடும் அதிகாரமுள்ள ஒருவரை எழுத்து மூலம் நியமித்து வாயிலுக்கு அருகே இருத்திவிட்டே மற்றையோர் மண்டபத்துக்குள் நுழைதல் வேண்டும்.

அழைக்கப்படும் நிலையில் உள்ள இளைய உத்தியோகத்தர், “எங்களாற் போகாமல் இருக்க முடியுமா?” என்று கேட்பர். முடியாதுதான். ஆனால் பணிவோடு ஒரு கடிதம் எழுத முடியும்: “எம் பகுதியிலிருந்து இக்கூட்டத்துக்கு வேண்டிய தகவல் யாது? அதனை முன்னரே எழுத்தில் அனுப்பினாற் போதுமானதாகுமா?” பத்துக் கடிதத்தில் மூன்றுக்கேனும் “போதும்” என்ற விடை வருவதை நான் கண்டிருக்கிறேன். போகவே நேர்ந்தால், தகவலைக் கையோடு கொண்டுசென்று, தம் விடயத்தை முதலில் எடுக்கும்படி தலைவரிடம் வேண்டி, அது முடிந்ததும் விடைபெறலாம். அவ்வாறு கேட்டவரைக் கோபித்த தலைவரை நான் அரிதாகவே கண்டேன். இறுதிவரை இருக்க நேர்ந்தவர், கலைவதற்கு முன், “ஐயா, இதனைச் செய்பவர் யார்?” என்று மெல்லக் கேட்கலாம். அவ்வொரு வினா பல கூட்டங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

ஒருவரையொருவர் கண்டு பேசுவதால் ஒற்றுமை வளர்கிறதே என்பார் சிலர். உண்மை. அதற்காகக் கூடுவதாயின் அதனை விருந்தென்றே அழைத்து, வேலை நேரம் முடிந்தபின் மகிழ்ந்து கூடுவோம். நம் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்துகளில் உண்டான நட்பு எந்த நிருவாக சபைக் கூட்டத்திலும் உண்டானதன்று. சங்கத்தின் ஆட்சிக் குழுவினரும் இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக. மாணவனொருவனின் பல்கலைக்கழக உதவிப்பணம் அடுத்த கூட்டம்வரை ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும், அவன் விடுதிக் கட்டணத்துக்கு யாரிடமோ கடன் கேட்டு நிற்கிறான் என்பது நினைவில் இருக்கட்டும்.

இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கு ஒரு சொல். நீங்களும் ஒருநாள் மேசையின் தலைப்பக்கத்தில் அமர்வீர்கள். வகுப்பு மன்றத்தில் நேரங் காட்டும் மணியை அடிக்கும் வேலை உங்களுக்குக் கிடைத்தால் அதனை இழிவாக எண்ணாதீர்கள். நண்பனேயாயினும், நன்றாகவே பேசுபவனாயினும், நேரம் முடிந்ததும் தயங்காது மணியடிக்கப் பழகுங்கள். அவையை மதித்தல் என்பது அவையில் இருப்போரை மாத்திரம் மதித்தலன்று. தன் முறைக்காக வெளியிற் காத்திருப்பவரையும் மதித்தலாகும். சேவையே பெருமையெனக் கற்பித்த கல்லூரி அன்னையின் புகழ் அவ்வழியில் நிற்கும் அவள் மைந்தரால் மேன்மேலும் ஓங்குக! அன்னை நீடு வாழ்க!